குழாயடியில் காவேரி

நம்முடைய பண்டிகைகளில் பெரும்பாலானவை பஞ்சாங்கத்தின் உத்தரவைப் பெற்றுக்கொண்டுதான் வருகின்றன. தீபாவளிக்குச் சதுர்த்தசி வேண்டும். திருக்கார்த்திகைக்குக் கிருத்திகை நட்சத்திரம் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்துவிட்டால், "விரதம் இன்றைக்கா, நாளைக்கா?" என்று ஒரு விவாதம் நடந்து, பட்சணம் ஆறிப் போவதும் உண்டு. இந்தத் தொந்தரவு எதுவும் இல்லாத பண்டிகை ஒன்று நமக்கு இருக்கிறது. ஆடி மாதம் பிறந்த நாளிலிருந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தால் பதினெட்டாவது நாளில் அது வந்து நிற்கும். இங்கிலீஷ் தேதியில் ஆகஸ்டு 2 அல்லது 3. திதியும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. புரோகிதர் வரவேண்டியதில்லை, கோயிலுக்குப் போகவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில் பதினெட்டாம் பெருக்கு என்போம். ஆடிப்பெருக்கு என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும்.

ஆடி மாதத்தில் கல்யாணம் செய்யமாட்டார்கள். புதிதாக மணமான பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்படி மற்றக் காரியங்களுக்கெல்லாம் கதவை அடைத்துவிட்ட மாதத்தில் இந்த ஒரு நாளுக்கு மட்டும் தோஷம் இல்லை. காரணம் பஞ்சாங்கத்தில் இல்லை, ஆற்றில் இருக்கிறது. குடகு மலையில் ஆனி மாதத்தில் பிடித்த மழை காவேரியிலும் ஹேமாவதியிலும் கபினியிலும் இறங்கி, சேர்ந்து, சோழநாட்டு வாய்க்கால்களை நிரப்பும் காலம் இது. ஆடிப் பட்டம் தேடி விதைக்கிற குடியானவனுக்கு இதைவிட நல்ல முகூர்த்தம் எது?

என் பாட்டி மேட்டூர் அணைக்கு முந்திய காவேரியைப் பார்த்தவள். எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே ஆற்றங்கரையோரத்தில் இருந்த ஒரு சிறு கிராமம். ரக்தாக்ஷி வருஷம், அதாவது 1924-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், காவேரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தைப் பற்றி அவள் சொல்ல ஆரம்பித்தால் நாங்கள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம். அந்த வெள்ளத்தில் மிதந்து வந்த வைக்கோற்போரின் மேல் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருந்ததாகவும், அதைப் பிடித்து வந்து வளர்த்ததாகவும் சொல்லுவாள். வைக்கோற்போரின் உயரம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போயிற்று. அதனால் என்ன? நாய் இருந்தது வாஸ்தவம். அதற்குக் "காவேரி" என்று பெயர் வைத்ததும் வாஸ்தவம்.

பதினெட்டுக்கு முதல் நாள் இரவே பச்சரிசியை ஊறவைத்து, வெல்லமும் எள்ளும் சேர்த்துக் காப்பரிசி தயாராகிவிடும். விடியற்காலையில் அடுப்பில் புளியஞ்சாதம், தேங்காய்ச் சாதம், எலுமிச்சம்பழச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம் என்று வரிசையாக இறங்கும். ஒரு வீட்டில் ஒரே நாளில் ஏன் இத்தனை சாதம் என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"ஏண்டா, மசக்கைக்காரிக்கு ஒரே சோறு பிடிக்குமாடா? ஒரு வேளை புளிப்பு கேட்கும், ஒரு வேளை தித்திப்பு கேட்கும். நாலும் செய்து வைத்தால்தானே அவளுக்கு எது இறங்குகிறதோ அதைச் சாப்பிடுவாள்!" என்றாள் பாட்டி.

மசக்கைக்காரி யார் என்று நான் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கு அது தெரிந்தே இருந்தது. காவேரிதான். வயிற்றில் பயிர்களையெல்லாம் சுமந்துகொண்டு வருகிறவள் அவள். பெரிய பெரிய வேதாந்த விஷயங்களைப் படித்த பிறகும், தெய்வத்தைப் பிள்ளைத்தாய்ச்சியாகப் பார்த்து, வாய்க்கு ருசியாக என்ன வேண்டும் என்று கேட்கிற அந்தப் பரிவுக்கு மேல் ஒன்றும் எனக்குத் தட்டுப்படவில்லை.

ஆற்றுக்குப் போகிற ஊர்வலத்தின் முன்னால் நாங்கள், பையன்கள், சப்பரம் இழுத்துக்கொண்டு போவோம். மெல்லிய மரச்சட்டத்தில் வண்ணக் காகிதம் ஒட்டி, சாமி படம் வைத்து, சிறு சக்கரங்கள் கோத்த சப்பரம். சக்கரம் பாதி வழியிலேயே கழன்றுவிடும். பிறகு அது தேர் அல்ல, பல்லக்கு. துறையில் ஸ்திரீகள் ஓர் இடத்தை மெழுகிக் கோலமிட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைப்பார்கள். விளக்கு, வெற்றிலை பாக்கு, நாவற்பழம், விளாம்பழம், காப்பரிசி எல்லாம் வரிசையாக வரும். இவற்றோடு காதோலை கருகமணி என்ற முக்கியமான சாமானும் உண்டு. பனையோலைச் சுருள் காதுக்கு. கறுப்பு மணிகள் கழுத்துக்கும் கைக்கும். காவேரியம்மனுக்கு நகை அவ்வளவுதான். ஊரில் வைரத்தோடு போட்டவளும் அந்த ஓலையைத்தான் வாங்கிக்கொண்டு வருவாள். நாற்று நடுகிறவளும் அதையேதான் வாங்கிக்கொண்டு வருவாள். பூஜை முடிந்ததும் மஞ்சள் சரட்டைச் சுமங்கலிகள் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். எங்களுக்கு மணிக்கட்டில் கட்டுவார்கள். அந்த வருஷம் கல்யாணமான தம்பதிகள் பத்திரமாக எடுத்து வைத்திருந்த மணமாலையை ஆற்றில் விடுவார்கள். மாலை சுழித்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது புதுப்பெண்ணின் கண் கலங்குமே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

கல்லணைக்கு மேற்கே போனால் இதே பண்டிகைக்கு வேறு வேறு முகங்கள். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். அவர் கொடுக்கும் புடவையும் மஞ்சளும் மாலையும் யானையின் மேல் ஏறிக் காவேரிக்குப் போய்ச் சேருகின்றன. அண்ணன் தங்கைக்கு அனுப்பும் ஆடிச் சீர் என்பார்கள் ஜனங்கள். மேட்டூரில் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து காவல் தெய்வங்களின் வேலையும் அரிவாளையும் மேளதாளத்தோடு எடுத்து வந்து ஆற்றில் நீராட்டுகிறார்கள். பவானி கூடுதுறையிலும் அன்று கால் வைக்க இடம் இராது. இவ்வளவு ஊர்களும் ஒரே நாளில் ஒரே ஆற்றைப் பார்த்துத் திரும்பி நிற்பது சாமானிய விஷயமா?

நிற்க. 1925-இல் ஆரம்பித்து 1934-இல் மேட்டூர் அணையைக் கட்டி முடித்தார்கள். 120 அடி நீர்மட்டம், 93 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளளவு. அதற்குச் சற்று முன்னாலேயே மைசூர்ப் பக்கத்தில் கிருஷ்ணராஜ சாகரம் எழுந்திருந்தது. பின்னால் கபினிக்கும் ஹேமாவதிக்கும் அணைகள் வந்தன. அணை கட்டியதைக் குறை கூறுவது நன்றியற்ற காரியம். வெள்ளத்தில் ஊர் போவதையும், வெள்ளம் வராமல் பயிர் காய்வதையும் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனாலும் அன்று முதல் காவேரி தானாக வருகிறவளாக இல்லை; அனுப்பினால் வருகிறவளானாள். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கவேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தத் தேதி தவறிய ஆண்டுகளே அதிகம். "இப்போது வருகிற ஜலத்தில் வண்டல் எங்கேடா இருக்கிறது? பெண்ணை அனுப்பிவிட்டுச் சீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விட்டார்கள்!" என்று பாட்டி அணையைக் கோபித்துக்கொள்வாள். அணைக்கட்டின் மேல் அவளுக்கு இருந்த மனத்தாங்கல் சம்பந்தி வீட்டின் மேல் இருக்கும் மனத்தாங்கலைப் போன்றது, தீரவே இல்லை.

நீர் நன்றாக இறங்கியிருந்த ஒரு கோடையில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல்பக்கம், பண்ணவாடிப் பரிசல் துறைக்குப் போயிருந்தேன். அணை கட்டியபோது முழுகிப்போன ஊர்கள் அங்கே அடியில் இருக்கின்றன. நீர் வற்றினால் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி வெளியே தலை காட்டும். அதே நீர்ப்பரப்பில் பழைய கிறிஸ்தவ ஆலயமொன்றின் கோபுரமும் எழுந்து நிற்கும். முழுகுகிறபோதும் சேர்ந்து முழுகி, வெளிப்படுகிறபோதும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன. பரிசல்காரர் நந்தியைச் சுற்றி ஒரு முறை ஓட்டிக் காட்டினார். "எங்கள் தாத்தா காலத்து நிலமெல்லாம் கீழேதான் கிடக்குதுங்க. இது நல்லாத் தெரிஞ்சா கீழ்நாட்டுக்குக் கஷ்டம், தெரியலேன்னா எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்," என்றார். தஞ்சாவூர்க்காரனாகிய நான் அதற்கு என்ன பதில் சொல்லுவது? எங்கள் வாய்க்காலில் வந்த ஜலம் அவருடைய தாத்தாவின் நிலத்தின் மேல் நின்றுவிட்டு வந்த ஜலம். ஆற்றுக்கு வருஷா வருஷம் படையல் வைக்கிறோமே, அதில் ஒரு பிடி இந்த ஊர்களுக்கும் சேரவேண்டியதுதான்.

2017-ஆம் வருஷத்துப் பதினெட்டாம் பெருக்கைச் சொல்லாமல் விடமுடியாது. அந்த ஆண்டு மேட்டூர் திறந்தது அக்டோபர் 2-ஆம் தேதி. ஆடியில் எங்கள் ஊர்த் துறையில் கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். பல வீடுகளில், "ஆறே இல்லை, பெருக்கு எதற்கு?" என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். நானும் என் மனைவியும் கரையில் போய் நின்றபோது ஏழெட்டு ஸ்திரீகள் மட்டும் நடு ஆற்றில் உட்கார்ந்து கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முழத்துக்குக் கீழே மணல் ஈரமாயிற்று. இன்னும் தோண்ட, ஓரங்கள் சரிந்து விழ, மறுபடி அள்ளிப் போட, கடைசியில் ஒரு கொட்டாங்கச்சி அளவு கலங்கல் நீர் ஊறி நின்றது. அவர்கள் அதைத் தெளியவிட்டுக் காத்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. தெளிந்ததும் அந்த ஊற்றுக்கு மஞ்சள் தெளித்து, பூப்போட்டு, காதோலை கருகமணி சாத்தி, சித்ரான்னம் படைத்தார்கள். அவர்களில் மிகவும் வயதான அம்மாள் ஒருத்தி, "வராதவளை வையக்கூடாது. வரமுடியாமல் எங்கே கிடக்கிறாளோ!" என்றாள்.

எனக்குத் தெரிந்து பெரிய மாநாடுகளிலும் நீதிமன்றங்களிலும் காவேரியைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. அந்தக் கணக்குகள் அவசியமானவை. குறைந்தால் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் அந்தக் கணக்கு நோட்டில் "வரமுடியாமல் எங்கே கிடக்கிறாளோ" என்று எழுத ஒரு பத்தி கிடையாது. அந்தப் பத்திக்காகத்தான் இந்தப் பண்டிகை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நீர் நிறைந்த வருஷத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து புளியஞ்சாதம் சாப்பிடுவதற்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். வறண்ட வருஷத்தில்தான் கட்டாயம் போகவேண்டும். போனால்தான் மணல் எவ்வளவு பள்ளமாகிவிட்டது, எங்கே லாரிச் சுவடு கிடக்கிறது, எந்தச் சாக்கடை எந்த இடத்தில் வந்து விழுகிறது என்பது கண்ணில் படும். பண்டிகையை நிறுத்திவிட்டால் பார்க்கிற கண்ணும் போய்விடும்.

இப்போது கடைவீதியில் ஆடி என்றால் தள்ளுபடி என்று அர்த்தமாகிவிட்டது. அதிலும் எனக்குக் கோபமில்லை. நல்ல புடவை மலிவாகக் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் காதோலை கருகமணியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கிறார்களே, அதை மட்டும் என்னால் சகிக்கமுடியவில்லை. ஓலைச்சுருளை ஆறு தனக்குள் வாங்கிக்கொள்ளும். உறையை வாங்கிக்கொள்ளாது. மறுநாள் துறையில் பார்த்தால் மாலைகளோடு பழைய துணிகளும் அந்த உறைகளும் படிக்கட்டில் அப்பிக்கொண்டு கிடக்கின்றன. பிள்ளைத்தாய்ச்சிக்குச் சோறு போட்டுவிட்டு எச்சில் இலையை அவள் மடியிலேயே போட்டுவிட்டு வரலாமா?

இனிமேல் சென்னைக்கு வருகிறேன். உத்தியோகத்தை முன்னிட்டு இங்கே வந்து குடியேறிய எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள், "நமக்கு இங்கே ஆறு ஏது?" என்று பதினெட்டாம் பெருக்கைச் சமையலறையோடு முடித்துக்கொண்டு வந்தன. நாலு விதச் சாதம் உண்டு, ஆறு கிடையாது. சமுத்திரக் கரைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு.

ஆனால் 2004-ஆம் ஆண்டிலிருந்து காவேரி சென்னைக்கு வந்துகொண்டிருக்கிறாள். வீராணம் ஏரி ஜலம் என்று சொல்லுகிறோமே, அது யாருடைய ஜலம்? கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு வருகிற காவேரி ஜலந்தான். பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி அது. வீரநாராயணன் என்ற அவன் பட்டப் பெயரே வீராணம் என்று தேய்ந்துவிட்டது. கல்கி "பொன்னியின் செல்வன்" கதையை 1950-இல் தொடங்கியபோது வந்தியத்தேவனைக் குதிரைமேல் ஏற்றி, ஓர் ஆடிப் பதினெட்டு நாளில், இந்த ஏரிக்கரை மேல்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். இன்று அந்த ஏரியிலிருந்து வடக்குத்து என்ற இடத்தில் சுத்தமாகி, சுமார் 140 மைல் தூரம் குழாயிலேயே பிரயாணம் செய்து, போரூர் வந்து, எங்கள் பேட்டைக்குள் நுழைகிறது. முதலில் போட்ட திட்டம் நின்றுபோய், குழாய்கள் பல்லாண்டுக் காலம் சாலையோரத்தில் வெறுமனே கிடந்ததும், அவற்றின் நிழலில் ஆடுகள் படுத்திருந்ததும் பஸ்ஸில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆட்டுக்கு நிழல் கொடுத்த திட்டம் கடைசியில் நமக்குத் தண்ணீரும் கொடுத்துவிட்டது.

இந்தச் சமாசாரத்தை நான் பத்திரிகையில் வாசித்துச் சொன்னதும் என் மனைவி, "அப்படியானால் அவள் நம் வீட்டுக்கே அல்லவா வருகிறாள்!" என்றாள். அடுத்த பதினெட்டாம் பெருக்கன்று குழாயடியில் கோலம் போட்டு, குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு சரட்டையும் கட்டிவிட்டாள். கீழ் வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "குழாயைக் காவேரி என்கிறீர்களே மாமி!" என்று சிரித்தாள். "டெல்டாவில் ஒரு போகம் போயிற்று என்று படிக்கிறோம்; குழாயில் மட்டும் எப்போதும் வருகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு நாளாவது எங்கிருந்து வருகிறாள் என்று கேட்கவேண்டாமா?" என்றாள் என் மனைவி. மறு வருஷம் கீழ் வீட்டுக் குழாயிலும் ஒரு சரடு இருந்தது.

எங்கள் பேத்திக்கு எட்டு வயது ஆனதும் அவளுக்கு நிஜமான பெருக்கைக் காட்டவேண்டுமென்று ஆசை உண்டாயிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதலில் மேட்டூர் நீர்மட்டம் 40 அடியைச் சுற்றித்தான் நின்றது. அந்த வருஷமும் மணல்தான் என்று நினைத்திருந்தோம். அதற்குள் குடகில் மழை பிடித்துக்கொண்டது. ஜூலை 28-ஆம் தேதி அணை திறந்தார்கள். 30-ஆம் தேதி 120 அடியும் நிரம்பி, வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் வெளியேற ஆரம்பித்துவிட்டது! ஆகஸ்டு 3-ஆம் தேதி பதினெட்டாம் பெருக்கு. திருச்சிக்கு மேற்கே ஒரு துறையில் போய் இறங்கினோம். ஆறு கரை முட்டிச் செக்கச் சிவந்து போய்க்கொண்டிருந்தது. பாட்டி இருந்திருந்தால் வண்டலைப் பார்த்து மகிழ்ந்திருப்பாள். ஆனால் படித்துறைக்குக் குறுக்கே மூங்கில் கட்டி, யாரும் இறங்கக்கூடாது என்று போலீஸார் நின்றார்கள். 2017-இல் தொடுவதற்கு நீர் இல்லை. இப்போதோ நீர் இருந்தும் தொட வழியில்லை!

பேத்தியின் முகம் வாடிவிட்டது. கையில் அவளே ஒட்டிய சப்பரம் வேறு. அங்கிருந்த கான்ஸ்டபிள் ஒருவர் அதைப் பார்த்தார். இடுப்பில் கயிறு கட்டி மேற்படியில் நின்றுகொண்டிருந்தவர், "தட்டை இப்படிக் கொடும்மா" என்று வாங்கி, ஒரு படி இறங்கி, விளக்கையும் பூவையும் மட்டும் நீரில் விட்டார். அதற்குப் பிறகு மூங்கிலின் அந்தப் பக்கம் தட்டுகளாக நீண்டன. அவரும் சளைக்காமல் வாங்கி வாங்கி விட்டுக்கொண்டிருந்தார். புரோகிதர் இல்லாத பண்டிகை என்று மேலே எழுதினேன். அன்று மட்டும் ஒருவர் கிடைத்தார், காக்கிச் சட்டையில்.

"தாத்தா, இந்தத் தண்ணி நம்ம வீட்டுக்கு எப்போ வரும்?" என்று பேத்தி கேட்டாள்.

"ஏரிக்குப் போய், சுத்தமாகி, குழாயில் ஏறி வரவேண்டுமே. சில நாளாகும்," என்றேன்.

அவள் யோசித்துவிட்டு, மீதியிருந்த காப்பரிசியை ஒரு சம்புடத்தில் போட்டு மூடித் தன் பையில் வைத்துக்கொண்டாள். ரயிலில் யார் கேட்டும் ஒரு பிடி கொடுக்கவில்லை. மறுநாள் காலை எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் விடும் நேரத்துக்கு, பல்கூடத் தேய்க்காமல், சம்புடத்தோடு போய் நின்றாள். முதலில் காற்று வந்தது; பிறகு நூல் மாதிரி ஜலம் வந்தது.

"பாட்டி, சீக்கிரம் மஞ்சள் கொண்டு வா, வந்தாச்சு!" என்று உள்ளே பார்த்துக் கூவினாள்.